நாக்கில் வைத்துப் பார்த்த பாடம்

எனக்கு எதையும் கண்ணால் படித்தால் மண்டையில் ஏறாது. நாக்கில் வைத்தால் ஏறும். பத்தாம் வகுப்பில் அறிவியல் தாளைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவள் நான். அந்த மதிப்பெண்ணை என் மகளிடம் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அவள் எட்டாம் வகுப்புக்கு வந்து, அமிலங்கள், காரங்கள் என்ற பாடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் வந்து நின்றபோது, பெரிய வாத்தியாரம்மா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அமிலம் இன்னா சுவை?"

"புளிப்பு."

"காரம்?"

"கசப்பு. தொட்டா வழவழன்னு இருக்கும்."

"புளியில இன்னா அமிலம்?"

விழித்தாள். மேலே பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், அது தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு அடிக்கவில்லை. புளி டப்பாவைத் திறந்து ஒரு கொட்டையளவு கிள்ளி அவள் நாக்கில் வைத்தேன். "டார்டாரிக். சொல்லு." முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள். அடுத்து மோர் ஒரு சொட்டு, லாக்டிக். எலுமிச்சம்பழம், சிட்ரிக். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை வைத்ததும் தூ தூ என்று துப்பினாள். அது காரம். பதினைந்து நிமிடத்தில் பாதிப் பட்டியல் முடிந்துவிட்டது. எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

"நாக்குல வெச்சா மறக்காது. தெரிஞ்சுக்கோ," என்றேன்.

புத்தகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. இடப்பக்கம் அமிலத்தின் பெயர், வலப்பக்கம் அது எதில் இருக்கிறது என்பது. தயிர், புளி, எலுமிச்சை, எறும்பு, அதற்கு அடுத்த வரியிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம், நம் வயிற்றில் சுரப்பது. எல்லாம் ஒரே அளவு எழுத்து, ஒரே மாதிரிக் கோடு. பட்டியலுக்குக் கீழே பெட்டி கட்டி இரண்டு மூன்று வரி போட்டிருந்தது. அடர் அமிலம், நீர்த்த அமிலம் என்று என்னவோ. பெட்டிக்குள் இருப்பதிலிருந்து கேள்வி வராது என்று தாண்டிவிட்டேன். நான் படித்த காலத்திலிருந்தே பெட்டியைப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வயலும் வீடுகளும், அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் பெரிய ரோடும். எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அதை நம்பி மட்டும் இருக்க முடியாது என்பதால், தெருவில் முக்கால்வாசி ஆம்பளைகள் கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் போவது இரும்புக் குழாய் செய்கிற ஒரு கம்பெனிக்கு. அங்கே குழாய்களைத் துரு போக ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டிப் பக்கம்தான் அவருக்கு வேலை. சட்டையெல்லாம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. பாத்ரூம் தரையில் வெள்ளையாகக் கறை படிந்து, எந்தப் பவுடருக்கும் போகாது. கம்பெனி ஆசிட் ஒரு மூடி ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் இருக்கும். சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் அடைத்துக் கொண்டு வருவார்கள். கேட்டில் செக்யூரிட்டி தேடுவது இரும்புத் துண்டையும் செம்புக் கம்பியையும். தண்ணீர் பாட்டிலை யார் திறந்து பார்ப்பார்கள்? ஒரு லிட்டர் பாட்டில், நீல மூடி, உள்ளே இருப்பது பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நான் மட்டும் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு அதன் கழுத்தில் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டி, பாத்ரூம் ஜன்னல் மேல் வைத்திருந்தேன். சிவப்புத் துணி கட்டினது தொடக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

அன்று, வியாழக்கிழமை, ராத்திரி சாப்பாட்டுக்குக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வீட்டிலிருந்து ஓர் அமிலம், ஒரு காரம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் அறிவியல் டீச்சர், கொண்டுவராதவர்கள் வெளியே நிற்கணுமாம் என்று புலம்பிக்கொண்டிருந்தாள் இவள்.

"எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு போயேன்."

"எல்லாரும் அதான் எடுத்தாருவாங்க."

கடுகு வெடித்தது. நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"ம்மா, ஆசிட்டுன்னாலும் அமிலம்னாலும் ஒண்ணுதானே?"

"ஆமா, எல்லாம் ஒண்ணுதான். போய்த் தட்டு எடுத்து வை."

இவ்வளவுதான் நான் சொன்னது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் முதல் ஷிஃப்டுக்கு விடியும் முன்பே ரயிலுக்குப் போய்விட்டார். இவள் ஏழு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்குப் போனாள், வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணியைத் திறந்துவிட்டு உள்ளே இன்னாடி பண்ற என்று கத்தினேன். வந்தாள். தட்டில் நாலு இட்லி வைத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. அரிசியை ஊறப்போட்டு, ஆட்டி, காலையில் எழுந்து அவித்துக் கொட்டினால் மகாராணிக்கு நாஷ்டா இறங்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "கொழுப்புடி உனக்கு" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அழாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் வீடு கழுவுவது வழக்கம். பத்தரை மணி இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். கையை மேலே நீட்டினேன். பாட்டில் இல்லை. அவர் எடுத்து எங்காவது மாற்றி வைத்திருப்பார் என்று கீழே குனிந்தேன். வாளிக்குப் பின்னால் அந்தச் சிவப்புத் துணி கிடந்தது. முடிச்சு பல்லால் கடித்து அவிழ்த்த மாதிரி நசுங்கியிருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆசிட்டுன்னாலும் அமிலம்னாலும் ஒண்ணுதானே. அழுக்குத் துணியோடு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக வெட்கப்பட்டு அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். இப்போது அது வெறும் தண்ணீர் பாட்டில். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில். அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நாக்குல வெச்சா மறக்காது என்று நான்தானே சொன்னேன். புளி வைத்தேன், மோர் வைத்தேன். அமிலம் புளிப்பா இல்லையா என்று பார்க்க அவள் இதையும் வைக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அவள் வைக்காவிட்டாலும், கூட இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். என் மகள், எது தெரிந்தாலும் பத்துப் பேருக்குச் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

போனை எடுத்து அவருக்கு அடித்தேன். வேலை நேரத்தில் தொழிலாளிகளுடைய போனை லாக்கரில் பூட்டி வைத்துவிடுவார்கள், எனக்கே தெரியும், இருந்தும் அடித்தேன். அறிவியல் டீச்சருக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. பள்ளிக்கூட ஆபீஸ் நம்பர் என்னிடம் இல்லை. வகுப்புக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, டீச்சர்களும் பெற்றோரும் இருப்பது. அதில், யாரும் தண்ணி பாட்டிலைத் தொடாதீங்க, ஒண்ணுல ஆசிட் இருக்கு என்று தட்டச்சு செய்தேன்.

அனுப்பவில்லை.

இதை நான் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை, எழுதுகிறேன். அந்தக் குரூப்பில் ஒரு பையனின் அப்பா இருந்தார். அவர் என் வீட்டுக்காரருடைய கம்பெனியிலேயே சூப்பர்வைசர். ஆசிட் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்க வேண்டியதில்லை, அவருக்குப் பார்த்ததும் தெரியும். என் வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் ஆள். திருட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் உள்ளே விடமாட்டார்கள். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இன்டர்வெல் விடுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

செருப்பு போட்டேனா என்று நினைவில்லை. தெருமுனையில் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்தாள். "இன்னாமே, இப்டி ஓட்ற?" என்றாள். பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று ஓடினேன். வரப்பில் குறுக்கே விழுந்து போனால் சீக்கிரம். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாருக்கோ உயிர் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

மூடியிருந்தால் குனிந்து போய்விடுவோம், ஊரே அப்படித்தான் போகும். ஆனால் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல். இஞ்சின் போய் எவ்வளவு நேரமோ ஆகிவிட்டது, கடைசிப் பெட்டியைக் காணோம். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம், பெட்டிகளுக்கு இடையில், பள்ளிக்கூடத்துச் சுவர் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அப்போது இன்டர்வெல் மணி கேட்டது. வண்டிச் சத்தத்தில் நிஜமாகக் கேட்டதா, என் காதுக்குள் கேட்டதா என்று தெரியாது. மணி அடித்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் தண்ணீர் குடிப்பது. யாராவது ஒரு பிள்ளை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கமாட்டார்கள், தூக்கி ஊற்றிக் குடிக்கத்தான் பழக்கியிருக்கிறோம். ருசி தெரிவதற்குள் இரண்டு மடக்கு உள்ளே போய்விடும்.

போனை எடுத்தேன். நீல மூடி பாட்டில்ல ஆசிட் இருக்கு, என் பொண்ணு எடுத்தாந்துட்டா, யாரும் குடிக்காதீங்க, யாராவது ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்க. பிழை இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை, அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர்தான் முதலில் பார்த்தார், பிறகு தெரிந்தது. பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் போட்டதும் அவர்தான். அதே மனிதர்தான் கம்பெனியிலும் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு வேலை போய், வேறு இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் போன் போட்டாரே.

கடைசிப் பெட்டி தாண்டியதும் ஓடினேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் ஒழுகி நோட்டுகள் நனைகின்றன என்று, காலையில் வந்ததும் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் வராந்தாச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட வேண்டும். நான் போனபோது அந்த வரிசை இருந்தது. முப்பது, நாற்பது பாட்டில். அதில் பாதிக்கு நீல மூடி. எல்லாவற்றிலும் தண்ணீர். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவள் கையிலிருந்து பிடுங்கினேன். தரையில் கவிழ்த்தேன். நுரைக்கவில்லை. அடுத்ததைக் கவிழ்த்தேன். அடுத்தது. சிமெண்ட் தரையில் ஆசிட் பட்டால் எப்படிப் பொங்கும் என்று வாராவாரம் பார்க்கிறவள் நான். அதுவரை எனக்குத் தெரிந்த வேதியியல் அது ஒன்றுதான். பிள்ளைகளுடைய தண்ணீரையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினேன். சில பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கினாள். முட்டிவரை புடவை நனைந்து நின்றேன். எதுவும் பொங்கவில்லை.

அறிவியல் டீச்சர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. முகம் வெளுத்திருந்தது. "இப்பதான் ஆபீஸ்ல சொன்னாங்க. எந்தப் பாட்டில்மா?"

"தெரியல டீச்சர். இதுல இல்ல."

"உங்க பொண்ணு எங்க?"

அதுவரை நான் அவளைத் தேடவே இல்லை. பாட்டிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சுற்றிப் பார்த்தேன், கூட்டத்தில் அவள் இல்லை.

வகுப்புக்குள் இருந்தாள். காலி அறையில், மூன்றாவது பெஞ்சில், தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே இவ்வளவு ரகளை நடந்தும் எழுந்து வரவில்லை. இரண்டு காலையும் இறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். குனிந்து பார்த்தேன். நீல மூடி பாட்டில் அவள் பாதங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. நிரம்பி இருந்தது. மூடிமேல் தன் கைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.

டீச்சர் மெதுவாக அதை எடுத்துக்கொண்டு போய், வெளியே மண்ணில், வெயிலில் வைத்தார். ஒரு பிள்ளையும் கிட்டே போகக் கூடாது என்றார். நான் அப்பாடா என்று அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பயம் போனதும் கோபம் வந்தது, எனக்கு அது அடுத்தடுத்துதான் வரும்.

"யாரைக் கேட்டுடி எடுத்தாந்த? ஏண்டி டீச்சர்கிட்ட குடுக்கல? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. டீச்சர் திரும்பி வந்து, அவள் முன்னால் மண்டிபோட்டு, "காலையில இருந்து இவ பேசவே இல்லைம்மா. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கைதான் தூக்கினா. உங்ககிட்ட ஏதோ திட்டு வாங்கினு வந்திருக்கான்னு நெனச்சேன்," என்றார். பிறகு அவளிடம், "வாயைத் திறம்மா," என்றார்.

திறந்தாள். நாக்கு நுனியில் ஒரு ரூபாய்க் காசு அளவு தோல் வெள்ளையாக வெந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேலோடு போயிற்று, உள்ளே இறங்கவில்லை, உடனே கழுவினதால் பிழைத்தாள் என்றார் டாக்டர். ஆசிட்டில் கையைத் தோய்க்காமல் மூடியில் ஒட்டின ஈரத்தை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறாள். பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டே இருந்ததே, நான் கத்தினேனே, அப்போது நாக்கைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். சூடான இட்லியைத் தட்டில் வைத்து, சாப்பிடாததற்கு முதுகில் வைத்தேன்.

அவ்வளவு எரிந்த பிறகும் ஏன் எடுத்துப்போனாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டில் சொன்னால் நான் அடிப்பேன், வெறுங்கையோடு போனால் வெளியே நிற்கணும். டீச்சரிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். போன பிறகு, நைனா கம்பெனியிலிருந்து எடுத்துவந்தது என்று எப்படிச் சொல்வது என்று பயம். சுவர்மேல் வைக்கவும் பயம், யாராவது குடித்துவிட்டால். அதனால் ஏழு மணியிலிருந்து வெந்த நாக்கோடு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மற்ற பிள்ளைகளுக்காக அதைக் காலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனி, வேலை, மானம் என்று நான் எழுத்தை அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் காவல் இருந்திருக்கிறாள்.

இதையெல்லாம் அவள் நாலைந்து நாள் கழித்துத்தான் சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, குழறிக் குழறி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"புளிக்கவே இல்லம்மா. நீ சொன்ன மாதிரி இல்ல."